தெரிந்துகொள்ள ஒரு வழி

நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்வது எளிது, மேடம். ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்ட்தான் கஷ்டம். சேலையூரில் ஒரு குடியிருப்பில் என்றைக்காவது ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் தானாகவே கிளம்பிவிடும். கதவு, பிரேக், மின்சாரம் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

"தினகரன் சார், உங்களைப் பார்த்தா மட்டும் அது சமத்தா ஓடறது. பேசாம இங்கேயே ஒரு ஃப்ளாட் வாங்கிண்டு வந்துடுங்கோளேன்" என்பார் சங்கச் செயலாளர் தோத்தாத்ரி.

பழுது உண்டு, ஆனால் முகம் காட்டாது. அப்படி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது.

உங்கள் கேள்விக்குத்தான் வருகிறேன். என் மகளின் உடம்பில் இருந்த கிருமி யாரிடமிருந்து வந்திருக்கும் என்று கேட்டீர்கள். நீங்கள் குழந்தை மருத்துவர். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. வரிசையாக மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி வினிதாவுக்கு ஆறாவது மாதம். கம்பெனிப் பயிற்சிக்குப் பெங்களூர் போன இடத்தில், உடன் வேலை பார்க்கும் ஜோசலினோடு ஒருமுறை சேர்ந்து இருந்தேன். திரும்பி வந்து சில வாரங்களில் அவள் போன் செய்தாள்.

"சார், எனக்கு ஹெர்பிஸ்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் வந்திருக்கும்னு இல்ல. ஆனா செக் பண்ணிடுங்க. உங்க வைஃப் கேரியிங்கா இருக்காங்க, அதான் எனக்கு பயமா இருக்கு."

நல்ல பெண். நன்றி சொன்னேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பொறுமையாக விளக்கினார். அந்தக் கிருமி வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. தோலில் நுழைகிறது. நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே இருப்பது அந்த உடம்புக்கே தெரியாது. எப்போதாவது அதே வழியில் இறங்கி வரும். சில சமயம் கொப்புளம் கிளம்பும். சில சமயம் ஒன்றுமே தெரியாது, ஆனாலும் அடுத்தவருக்குத் தொற்றும்.

என் உடம்பில் கொப்புளம் எதுவும் இல்லை, அதனால் மாதிரி எடுக்க வழியில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார்.

"அது வரைக்கும் வைஃப் பக்கத்துல போகாதீங்க. வீட்ல ப்ரெக்னன்ட் லேடி யாராவது இருக்காங்களா? கடைசி மாசங்கள்ல புதுசா தொத்துச்சுன்னா குழந்தைக்கு ரொம்ப ஆபத்து."

"இல்ல சார்" என்றேன்.

அதன்பிறகு நான் ஹாலில் படுத்தேன். தனித் துண்டு, தனிச் சோப்பு. குளியலறையில் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னையே தேடினேன். தோல் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. தரையில் உட்கார்ந்தால் முதுகின் அடியில் யாரோ மூச்சுவிடுவது போல் இருக்கும்.

"என்னங்க, நான் குண்டாயிட்டேன்னு தள்ளிப் படுக்கிறீங்களா?" என்று வினிதா ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பொழிச்சலூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு அவளை அழைத்துப் போனார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிரசவம் வரை அவள் அங்கேதான் இருப்பாள். மருத்துவர் சொன்ன மூன்று மாதம் நான் எதுவும் செய்யாமலே கழிந்துவிடும். ஆனால் அது முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடும். கிருமி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத உடம்போடு என் குழந்தையை நான் எப்படித் தூக்குவது?

எட்டாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், பொழிச்சலூர் போனேன். வினிதாவை ஓரிரு நாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று மாமியார் கங்கையம்மாளிடம் கேட்டேன்.

"இன்னா மாப்ள, நாலு நாளு பொண்டாட்டிய வுட்டு இருக்க முடியலியா?"

"வுடும்மா" என்றாள் வினிதாவின் அக்கா சந்திரிகா. "சாம்பார்கூட வெக்கத் தெரியாத மனுசன். பட்டினியா கீறாரு போல."

வினிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்கூட்டர் வேண்டாம், ஆட்டோ பிடி என்று மாமியார் தெரு முனைவரை வந்து ஏற்றிவிட்டார்.

அவள் பொழிச்சலூர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். வினிதா போன் செய்தாள்.

"என்னங்க, கீழ கொப்புளம் கொப்புளமா வந்திருக்கு. எரியுது. ஒண்ணுக்குப் போகவே பயமா இருக்கு. அம்மா சூடுன்னு சொல்றாங்க."

பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. "சூடுதான்டீ. வெயிலு இன்னா கொஞ்சமாவா கீது? வெந்தயத்த ஊற வெச்சி முழுங்கு, மோரு குடி, சரியாப்பூடும்."

எங்கள் வீடுகளில் இடுப்புக்குக் கீழே வரும் எதற்கும் சூடு என்றுதான் பெயர். வேறு பெயர் சொல்ல வாய் வராது.

"டாக்டர்கிட்ட காட்டணுமா? கூச்சமா இருக்கு" என்றாள்.

"இதப் போய் காட்டுவியா? சூடுதான்" என்றேன்.

அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கொப்புளம் ஆறியது. வலி எடுத்தபோது மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சுகப்பிரசவம், பெண் குழந்தை. தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்து, ஆபரேஷன் செய்து எடுத்திருப்போம் என்று நீங்களே சொன்னீர்கள். நான் கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவேன். ஒரு முத்தம்கூடக் கொடுத்ததில்லை. அவ்வளவு கவனமாக இருந்தேன். இரண்டாவது வாரம் அவள் பால் குடிப்பதை நிறுத்தினாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள்.

ஹெர்பிஸ் என்று உங்கள் மருத்துவமனையில் சொன்னதும், அது எப்படி வரும் என்று வீட்டில் என்னைக் கேட்டார்கள். விளக்கினேன். உதட்டில் கொப்புளம் வந்தவர்கள் பிறந்த குழந்தையை முத்தமிட்டால் தொற்றலாம் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லோரும் சந்திரிகாவைப் பார்த்தார்கள். குழந்தையை ஓயாமல் முத்தமிட்டுக் கொஞ்சியவள் அவள்தான். அவள் உதட்டோரம் காய்ந்த கொப்புளம் ஒன்று இருந்தது.

"உன் வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியாடீ பாவி" என்றார் மாமியார்.

சந்திரிகா இப்போது வீட்டுக்குள்ளும் மாஸ்க் போட்டுக்கொள்கிறாள். உப்பைத் தொட்டு உதட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டது என்று வினிதா சொல்கிறாள்.

உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை, குழந்தைக்கு இருந்தது பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் இரண்டாவது வகை, அதனால்தான் என்னைத் தனியாக அழைத்ததாகச் சொன்னீர்கள். ஆசையில் தவறிவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அன்று எனக்கு ஆசை இல்லை.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒரு எலக்ட்ரானிக் போர்டின் மேல் சந்தேகம், ஆனால் சோதித்தால் பழுது தெரியவில்லை. அப்போது அதைக் கழற்றி, நன்றாக ஓடுகிற வேறொரு லிஃப்டில் மாட்டுவோம். அந்த நல்ல லிஃப்டும் நின்றுபோனால் பழுது போர்டில்தான். நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

வினிதாவுக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது. பெங்களூரிலிருந்து வந்த பிறகு நான் அவளைத் தொட்டதும் இல்லை. அவள் உடம்பில் அந்தக் கிருமி இல்லை என்பது எனக்கு உறுதி. எனவே அவளை அழைத்து வந்தேன், அவளோடு படுத்தேன், அவளுக்குக் கொப்புளம் வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. எனக்கு இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.