கூட்டணி ஜெயித்ததற்கு ஒரு மொட்டை

தேர்தல் முடிவு வந்த மறுவாரம், திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குக் காலை பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கிற பழக்கம் எனக்கு எந்நாளும் இல்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

“ஜெயிச்சது கூட்டணி. மொட்டை மட்டும் நான் போடணுமாக்கும்?” என்றார் அவர்.

“நேந்துக்கிட்டது நீங்கதான?”

“ஏட்டி, நம்ம கட்சி நின்ன எல்லா இடத்துலயும் தோத்துட்டுல்லா.”

“கோமதியம்மன்கிட்ட என்னன்னு கேட்டிய? கட்சி ஜெயிக்கணும்னா, ஆட்சி வரணும்னா?”

அவர் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆட்சின்னுதான் கேட்டேன்.”

“வந்துட்டுல்லா. பெறவு என்ன?”

“பெரிய கட்சிக்காரன் ஒருத்தனாவது முடியைக் கொடுத்தானா? நான் மொட்டையோட போய் நின்னா, தோத்த துக்கத்துல போட்டுட்டாம்னு டீக்கடையில சிரிப்பானுவ.”

“அதுக்கு? சாமிகிட்டயும் தொகுதிப் பங்கீடு பேசப் போறியளோ?”

பக்கத்து சீட்டு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. சங்கரன்கோவில் வந்ததும், தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து மடித்து அவளிடம் நீட்டினார்.

“போடுதேன். இதைப் பைக்குள்ள வையி. துண்டு இல்லன்னா, ஏதோ நேத்திக்கடன்னு நினைச்சுக்கிடுவாவ.”

அவள் பைக்குள் வைக்கவில்லை. துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு முடி இருக்குல்லா. என்னைப் பாத்து எவன் சிரிக்கான்னு பாப்போம். எறங்குங்க.”