பெரியம்மாவுக்கு வாயாக இருந்தேன்

"உங்க பெரியம்மா பேசறது உனக்கு மட்டும் எப்படிம்மா புரியுது?" என்று பல் டாக்டர் ஒருநாள் கேட்டார். பழக்கம்தான் டாக்டர் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பெரியம்மாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. பழைய பல் செட்டு ஈறில் நிற்காமல் ஆடியதால் அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். எதைச் சொன்னாலும் காற்றுதான் முன்னால் வரும். எழுதவும் தெரியாது. எனக்கோ பல்லெல்லாம் இருந்தும் பேச்சு வராது. வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவதோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பெரியம்மாவுக்குத் துணையாக வந்தேன். ஆனால் அவர் சொல்வதை எடுத்துச் சொல்லும்போது மட்டும் எனக்கு அருவி மாதிரிக் கொட்டும்.

முதலில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். ஒருநாள் மாடி வீட்டு அக்கா மிக்ஸி இரவல் கேட்டு வந்தாள். எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார் பெரியம்மா. நான், "போன தடவை மூடியை உடைச்சுட்டுக் கமுக்கமா வெச்சுட்டுப் போனவதானே நீன்னு கேக்கறாங்க" என்றேன். அக்காவின் முகம் தொங்கிப்போனது. பெரியம்மா ஈறு தெரியச் சிரித்தார். அவர் மனசில் இருந்ததைத்தானே சொன்னேன்.

வெளியூரில் இருக்கும் அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன், வாரம் தவறாமல் போன் செய்வார். என்னை வந்து கூட்டிக்கொண்டு போடா என்பார் பெரியம்மா. அண்ணன் காதில் அது கொழகொழவென்றுதான் விழும். நான் போனை வாங்கிக்கொண்டு துணி காயும் பக்கம் போவேன். "நீங்க தனிக்குடித்தனம் போனதை இன்னும் மறக்கலண்ணா. மூஞ்சியிலயே முழிக்காதேங்கறாங்க." உள்ளே வந்து, "வேலை தலைக்கு மேல இருக்காம் பெரியம்மா. அடுத்த மாசம் வராராம்" என்பேன். மூன்று வருஷம் இருவரையும் சண்டை போட விடாமல் பார்த்துக்கொண்டேன். அவர் அண்ணனோடு போய்விட்டால் நான் யாராகப் பேசுவது?

கோபமாக இருக்கும் அம்மா நன்றாகச் சாப்பிடவாவது செய்யட்டும் என்று, அண்ணன் டாக்டரிடம் நேரே பேசிப் புதுப் பல்லுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மேல் செட்டு தானாக நிற்கும்; கீழ்த்தாடையில்தான் நான்கு திருகுகள். அவை எலும்போடு பிடித்துக்கொள்ள நான்கு மாதம். அப்புறம் கீழ்ப் பல் செட்டைத் திருகுகளின் மேல் வைத்து அழுத்தினால் பொத்தான் மாதிரி டக்கென்று மாட்டிக்கொள்ளும். கவ்விப் பிடிப்பது செட்டின் அடியில் இருக்கும் நான்கு குட்டி நைலான் வளையங்கள். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவுவது என் வேலை.

புதுப் பல்லுக்கு நாக்கு பழக இரண்டு நாளாகும் என்றார் டாக்டர். இரண்டு நாள் எனக்குப் போதும். மறுநாளே ஊக்கு முனையால் நான்கு வளையங்களையும் நெம்பி எடுத்தேன். பெரியம்மா வாய் திறந்தார். பல் மடியில் விழுந்தது.

டாக்டர் வேறு வளையங்கள் போட்டார். அவற்றையும் மறுநாளே எடுத்தேன்.

"எதைக் கடிச்சீங்க?" என்றார் டாக்டர். பெரியம்மா பதறிப்போய் ஏதோ சொன்னார்.

"ஐஸ்கட்டியாம்" என்றேன். பெரியம்மா பலமாகத் தலையாட்டி மறுத்தார். "இனிமே கடிக்க மாட்டாங்களாம்."

மூன்றாம் தடவை டாக்டர் வளையங்களைப் போட்டுவிட்டு, "நீ வெளியில உக்காரும்மா" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு குரல் கணீரென்று கேட்டது. வேறு யாரோ நோயாளி என்றுதான் நினைத்தேன்.

"ஏன்டா, பெத்தவளைப் பாக்க மூணு வருஷமா உனக்கு லீவு கெடைக்கலையா?"

டாக்டரின் போன் ஸ்பீக்கரில் அண்ணன் சொன்னார்: "மூஞ்சியில முழிக்காதேன்னு நீதானம்மா சொன்னே?"

டாக்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். மறுநாள் காலை அண்ணன் கார் கொண்டுவந்தார். பெரியம்மாவின் புடவைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். வாசலில் அவர் என் எதிரே நின்றார். வாய் திறந்தார். பல் வரிசை முத்து மாதிரி இருந்தது. அப்படியே மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போனார்.

"என்ன பாப்பா, ஒண்ணுமே சொல்லாம போறாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"நாலு நாள்ல வந்துடுவாங்களாம். வீட்டைப் பத்திரமா பாத்துக்கச் சொல்றாங்க" என்றேன்.