அடையாளம் சொன்னவள்

— ஐயா, அந்தக் கட்டத்துல அப்பான்னு எழுதாதீங்க.

— பின்ன எப்படிங்கம்மா எழுதறது? என் பொண்ணுதானே?

— எங்க குழந்தைகள் நல ஆபீஸ் ஃபைல்ல அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லீங்க. அம்மா பிரசவத்துலயே போயிட்டாங்க. அப்பா கப்பல் மூழ்கினதுல இறந்துட்டார். சட்டப்படி இப்ப காப்பாளர், இதோ உங்க பக்கத்துல நிக்கறாங்களே, உங்க அக்காதான்.

— அக்கா, என்னக்கா சொல்றாங்க இந்த அம்மா? முழுசா நிக்கறேனே இங்க! சரி, முழுசான்னு சொல்ல முடியாது, வலது காலுக்குக் கட்டை வெச்சிருக்கேன்.

— முதல்ல உக்காருங்க ஐயா. இந்தாங்க, தண்ணி குடிங்க. கரை ஒதுங்கின ஒரு உடம்பை இவங்கதான் வந்து பார்த்து, தம்பின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.

— முகமே தெரியலடா ராசா. ஆறு நாள் தண்ணியில கிடந்த உடம்பு.

— சரி, அதை விடு. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான். ஆனா எட்டு மாசமா அக்கரை நாட்டு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உனக்குப் போன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சு போச்சு. ஏன்க்கா எடுக்கல?

— நம்பரை மாத்திட்டேன்.

— ஏன்?

— நீ கூப்பிட்டுடுவியோன்னு.

— செத்தவன் எப்படிக்கா கூப்பிடுவான்?

— அம்மா, அவர் கேக்கறாருல்ல. பதில் சொல்லுங்க.

— இரும்மா, நானே கேக்கறேன். அக்கா, என் இடது கால்ல சுண்டுவிரல் கிடையாது. மண்வெட்டி பட்டப்போ துணியைக் கிழிச்சுக் கட்டுப் போட்டவ நீ. அந்த உடம்போட காலைப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— எத்தனை விரல்?

— அஞ்சு. சாமி சத்தியமா, அஞ்சும் இருந்துச்சுடா.

— அடிப்பாவி!

— காணாம போனவர்னா வருஷக்கணக்கா காத்திருக்கணும், அதுவரைக்கும் பிள்ளை விடுதியில இருக்கட்டும்னாங்கடா. அஞ்சு வயசு. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. நீ செத்துட்டேன்னா மட்டும்தான் எங்கிட்டயே விடுவாங்கன்னு சொன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?

— என்னைக் கொன்னுட்டு என் பிள்ளையை வாங்கிக்கிட்ட. கடலே பொழைச்சுப் போடான்னு விட்டுச்சு. கூடப்பிறந்த நீ விடல.

— ஐயா, கொஞ்சம் மெதுவா. நீங்க பேசினது எதுவும் என் காதுல விழல. ஒரு வழி இருக்கு. ‘தெரியாம அடையாளம் மாத்திச் சொல்லிட்டேன்’னு இவங்க நாலு வரி எழுதிக் கொடுத்தா, சட்டப்படி அடுத்த வாரமே ஜட்ஜ் காப்பாளர் உத்தரவை ரத்து பண்ணிடுவார். பிள்ளை உங்க கைக்கு வந்துடும். தெரிஞ்சே சொன்னேன்னு எழுதினா அது வேற வழக்கு. இவங்க உள்ள போகணும். பிள்ளை விஷயமும் மாசக்கணக்கா இழுக்கும்.

— எழுதுக்கா. தெரியாமன்னே எழுது. நீ ஜெயிலுக்குப் போய் எனக்கு என்ன ஆகப்போகுது? என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

— இந்தாங்கம்மா பேனா.

— வேணாம். அப்படி எழுத எனக்குக் கை வரல.

— இவ்வளவு பெரிய பொய்யில கையெழுத்துப் போட்டவ. இன்னும் ஒரு பொய்க்கா கை வலிக்குது?

— தெரியாமன்னு எழுதினா ஒருத்திக்கு உண்மை போய்ச் சேராது. அன்னைக்குப் பிணவறை வாசல்ல ஒரு பொண்ணு நின்னாடா. வயித்துல பிள்ளை. ‘உள்ள இருக்கறவருக்குக் கழுத்துல மச்சம் இருக்காக்கா? என் வீட்டுக்காரருக்கு இருக்கும்’னு கேட்டா. இருந்துச்சு. ‘இல்லம்மா, அது என் தம்பி’ன்னு சொன்னேன். அவ புருஷன் உயிரோட இருக்கார்னு என் கை ரெண்டையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா.