முப்பத்தொன்றாம் இடம்

வெர்னன்: சத்தியமா சொல்றேன், மார்லிஸ். எங்கம்மா கல்லறை மேல கைய வச்சுச் சொல்றேன். இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

மார்லிஸ்: உங்கம்மா புளோரிடாவுல சீட்டு விளையாடிக்கிட்டிருக்காங்க.

வெர்னன்: கல்லறைக்கு இடம் வாங்கிப் போட்டாச்சுல்ல. அந்த இடத்து மேல.

மார்லிஸ்: என் தங்கச்சி ஆர்டிஸ், அவ வாயாலயே சொன்னாளா?

வெர்னன்: வாயாலதான். வெள்ளிக்கிழமை சர்ச் விருந்துல. வாய் நிறைய வறுத்த மீனு, அதனால கொஞ்சம் குழறிச்சு. ஆனா நம்பர் தெளிவாக் கேட்டுச்சு. "ஜூலைக்கு ஏரிப் பூங்காவுல மார்லிஸ் முப்பத்தொண்ணாம் இடத்தைப் பிடிச்சா, நான் வந்து கூடாரம் போடுறேன். இல்லேன்னா வரல."

மார்லிஸ்: என் பேரைச் சொன்னாளா?

வெர்னன்: சொன்னா.

மார்லிஸ்: ரெண்டு வருஷமா "உன் பொண்டாட்டி"ன்னுதானே உன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தா...

வெர்னன்: மீனு ருசியா இருந்துச்சு. மனசு இளகியிருக்கும்.

மார்லிஸ்: ஆனா முப்பத்தொண்ணா? அது கக்கூஸை ஒட்டினாப்ல இருக்குமே.

வெர்னன்: அதேதான்.

மார்லிஸ்: தரை வேற சரிவு. ராத்திரி கூடாரத்துக்குள்ள படுத்தா காலையில வெளிய கிடப்போம். ஏரியும் தெரியாது.

வெர்னன்: வயசாச்சு. பக்கத்துலயே இருந்தா சௌகரியம்னு நினைச்சிருப்பா.

மார்லிஸ்: என்னைவிட நாலு வயசு சின்னவ.

வெர்னன்: கொசுவும் அங்கதான் ஜாஸ்தி. மூணு வருஷம் முன்ன ஒருத்தன் முப்பத்தொண்ணுல படுத்தான். கொசுவெல்லாம் கூடாரத்தை நாலு மூலையிலயும் பிடிச்சுத் தூக்கி, ஹ்யூரான் ஏரிக்கு அந்தாண்ட இறக்கிவிட்டுருச்சு. முழிச்சுப் பாத்தா கனடா. பாஸ்போர்ட் இல்லாம அவன் பட்ட பாடு...

மார்லிஸ்: வாயை மூடு, வெர்னன். மணி என்ன?

வெர்னன்: எட்டாகப் போவுது. கொசுகிட்ட கேட்டாங்களாம், "இவனை எதுக்குடா கொண்டாந்தீங்க"ன்னு...

மார்லிஸ்: எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர்ல முன்பதிவு திறந்துரும். நீ அழுத்துறியா?

வெர்னன்: என் விரல் தடி. ஒரு எழுத்தைத் தொட்டா நாலு விழும். நீயே அழுத்து.

மார்லிஸ்: இது கிடைக்கலேன்னா அவ இனிமே வரவே மாட்டா. தெரியுமில்ல? கார்டியோட கூடாரத்தை நான் அவகிட்ட கேக்காம சர்ச் விற்பனைக்குக் கொடுத்திருக்கக் கூடாது. அவ புருஷன் கார்டி செத்து அப்ப ஒரு மாசம்கூட ஆகல...

வெர்னன்: ஓட்டைக் கூடாரம்.

மார்லிஸ்: அவன் வாசனை அடிச்ச கூடாரம். எனக்குத்தான் அது புரியல.

வெர்னன்: ...எட்டு.

மார்லிஸ்: திறந்துருச்சு. எல்லாம் பச்சை, காலி... ஐயோ, கரையோரம் செவப்பாவுது பாரு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முழுக் கரையும் போச்சு.

வெர்னன்: பக்கத்து மாநிலத்து ஒஹையோக்காரங்க. ராத்திரியே வந்து கம்ப்யூட்டர் முன்னால கூடாரம் போட்டிருப்பாங்க.

மார்லிஸ்: முப்பத்தொண்ணு பச்சைதான். அழுத்துறேன்.

வெர்னன்: அழுத்து, அழுத்து. அது எங்கயும் போகாது.

மார்லிஸ்: அடக் கடவுளே.

வெர்னன்: என்ன?

மார்லிஸ்: "இந்த இடம் இன்னொருவரின் கூடையில் உள்ளது."

வெர்னன்: நம்பரைச் சரியாப் பாத்தியா?

மார்லிஸ்: முப்பத்தொண்ணு. யாரோ எடுத்துட்டாங்க, வெர்னன்.

வெர்னன்: அதை யாரு எடுப்பா?

மார்லிஸ்: எனக்கு எப்படித் தெரியும்?

வெர்னன்: இல்ல, நிஜமாவே கேக்குறேன். அதை எவன் எடுப்பான்?

மார்லிஸ்: உனக்கு ஏன் முகம் வெளுக்குது?

வெர்னன்: பசி.

மார்லிஸ்: இப்பதானே ரெண்டு முட்டை தின்னே... இரு. எடுத்தவங்க கால் மணி நேரத்துல பணம் கட்டலேன்னா இடம் திரும்ப வந்துரும். அதுவரைக்கும் விடாம அழுத்திக்கிட்டே இருக்கணும்.

வெர்னன்: பக்கத்து இடம் ஏதாவது...

மார்லிஸ்: ஒண்ணும் இல்ல. பூங்கா முழுக்கச் செவப்பு. முப்பத்தொண்ணுன்னுதானே சொன்னா? முப்பதா இருக்குமோ? வாயில மீனுன்னியே.

வெர்னன்: முப்பத்தொண்ணுதான்.

மார்லிஸ்: கூடையில வச்சுக்கிட்டு என்ன பண்றான் அவன்? கட்டித் தொலைக்கவும் மாட்டேங்கிறான், விடவும் மாட்டேங்கிறான்... போன் அடிக்குது. எடு.

வெர்னன்: நீ எடேன்.

மார்லிஸ்: என் கை மவுஸுல இருக்கு.

வெர்னன்: ஹலோ... ஆங். இருக்கா. இல்ல ஆர்டிஸ், இப்ப வேணாம், சாயங்காலமா நானே...

மார்லிஸ்: ஆர்டிஸா? குடு. ஸ்பீக்கர்ல போடு. போடுன்னா.

ஆர்டிஸ்: மார்லிஸ்?

மார்லிஸ்: ...ம்.

ஆர்டிஸ்: கொஞ்சிப் பேசக் கூப்பிடல. ஒரு சந்தேகம். எத்தனை பேருன்னு கேக்குது. என்ன போடட்டும்?

மார்லிஸ்: எது கேக்குது?

ஆர்டிஸ்: பூங்கா. முப்பத்தொண்ணைக் கூடையில போட்டு வச்சிருக்கேன். உனக்கு அதுதான் வேணும்னு அடம்பிடிக்கிறியாமே. கக்கூஸைத் தவிர அங்க என்னடி இருக்கு?

மார்லிஸ்: எனக்கா வேணும்?

ஆர்டிஸ்: வெர்னன் சொன்னான். "ஆர்டிஸ் முப்பத்தொண்ணைப் பிடிச்சா நான் வந்து கூடாரம் போடுறேன்"னு நீ சொல்லிட்டு அழுதியாம். சத்தியம் பண்ணினான்.

மார்லிஸ்: நீ சொன்னதா இங்க வந்து சொன்னான்.

ஆர்டிஸ்: நானா? நான் எதுக்கு அதைக் கேக்குறேன்? எனக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு.

வெர்னன்: காப்பி ஆறிப்போவுது. யாருக்காவது...

மார்லிஸ்: உக்காரு.

வெர்னன்: உக்காந்துட்டேன்.

ஆர்டிஸ்: அப்ப நீ நிஜமா என்னதான் சொன்னே அவன்கிட்ட?

மார்லிஸ்: நீ முதல்ல சொல்லு.

ஆர்டிஸ்: நீதான் மூத்தவ.

மார்லிஸ்: ..."அவ வந்தா நான் வரல"ன்னேன்.

ஆர்டிஸ்: நானும் அதேதான். நடுவுல ரெண்டு கெட்ட வார்த்தை.

மார்லிஸ்: எது?

ஆர்டிஸ்: படகு மோட்டார் கிளம்பலேன்னா அப்பா சொல்லுவாரே, அது.

மார்லிஸ்: ரெண்டுமா?

ஆர்டிஸ்: ரெண்டும்... சிரிக்கிறியா?

மார்லிஸ்: இல்ல.

ஆர்டிஸ்: நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது, மார்லிஸ். திரையில ஓடுது. விட்டுறட்டுமா?

மார்லிஸ்: ஆர்டிஸ்... அந்தக் கூடாரம்... கார்டியோடது...

ஆர்டிஸ்: இப்ப வேணாம்.

மார்லிஸ்: நான் உன்னைக் கேட்டிருக்கணும்.

ஆர்டிஸ்: கேட்டிருக்கணும். மிச்சத்தை ஜூலையில சொல்லு. விடவா, கட்டவா?

மார்லிஸ்: கட்டு. மூணு பேருன்னு போடு.

ஆர்டிஸ்: கட்டிட்டேன்... இருக்கியா?

மார்லிஸ்: இருக்கேன். மூக்கைச் சிந்துறேன்.

ஆர்டிஸ்: சிந்தி முடிச்சிட்டு அந்த ஆளைக் கேளு. புளுகினதுதான் புளுகினே, ஏரியோரமா ஒரு நல்ல இடமாப் பாத்துப் புளுகியிருக்கக் கூடாதா?

வெர்னன்: நல்ல இடம்னா யாராவது தட்டிக்கிட்டுப் போயிருவாங்க. பூங்கா திறந்த நாள்லேருந்து முப்பத்தொண்ணுல ஒருத்தரும் தங்கினதே இல்ல. ஜூலையில நேரா போயி நின்னாலே கொடுத்துருப்பாங்க.