டிவி மாட்டிய சுவர்

பழைய வீட்டுச் சுவரில் டிவி மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறும். உள்ளே மரச்சட்டம் இருப்பது அங்கேதான். திருகு அதில் இறங்கினால் டிவி நிற்கும்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள், டீகன். ரெக்கார்டர் ஓடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் தம்பி மனைவி நோலீனுக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் வக்கீல் ஆபீஸ் உங்களை அனுப்பியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க நூலகத்தில் வேலை பார்த்தவளின் நுரையீரலுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் தூசி எப்படிப் போயிற்று என்று எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

போர்ட் கெம்ப்லாவில் நோலீனும் தம்பியும் இருக்கும் வீடு எங்கள் அப்பா கட்டியது. அவர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். ஓரம் உடைந்த தகடுகளை ஆலையில் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சுவரெல்லாம் அதுதான். பின்னாளில் மேலே காகிதம் ஒட்டி, தடிமனாகப் பெயிண்ட் அடித்துவிட்டார். பார்த்தால் சாதாரணப் பூச்சுச் சுவர் மாதிரியே இருக்கும்.

ஆலைத் தூசி அவரைக் கடைசியில் பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் நான் கூட இருந்து பார்த்தேன். படுத்தால் அவருக்கு மூச்சு வராது; உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். தம்பி காலின் அப்போது நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தான். ஞாயிறுதோறும் போன் செய்வான். "கிழவர் எப்படி இருக்கார்?" என்பான். நான் பதில் சொல்வதற்குள் அவனுடைய பள்ளிக்கூட டீம் ஜெயித்த கதையை ஆரம்பித்துவிடுவான். ஒருமுறை போனை அப்பாவின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். அவன் கேட்கட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்து, "லைன் சரியில்ல டெஸ், ஒரே இரைச்சலா இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

சாவதற்கு முன் அப்பா என்னிடம் சொன்னார்: "இந்தச் சுவத்துல ஓட்டை போடாதீங்க. பெயிண்ட் அடிச்சு அப்படியே விட்டுடுங்க. காலின்கிட்டயும் சொல்லிடு." சொல்கிறேன் என்றேன்.

காலின் அடக்கத்துக்கு வந்தான். நல்ல சூட் போட்டிருந்தான், நன்றாகப் பேசினான், எல்லாரும் அழுதார்கள். அந்த வருடமே நோலீனோடு அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டான். வீட்டை நீயே வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரக்பி இறுதி ஆட்டம் வந்தது. அதற்காகக் காலின் ஒரு பெரிய டிவி வாங்கினான். அப்போதுதான் தட்டை டிவிகள் வரத் தொடங்கியிருந்தன. சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டான். நான் தச்சன் ஆயிற்றே.

சுவரைத் தட்டிப் பார்த்து, "இது என்ன சுவர் டெஸ்?" என்றான்.

"பழைய காலத்துப் பூச்சு. கெட்டியா இருக்கும். தைரியமா போடு."

"நீயே போட்டுக் கொடேன், உன் தொழில்தானே."

"உன் வீடுடா. நீ கத்துக்க வேண்டாமா?"

நான் பென்சிலால் குறி போட்டேன், அவன் துளைத்தான். சட்டம் கிடைக்கவில்லை. தள்ளிக் குறி போட்டேன். அங்கேயும் இல்லை. அவனுக்கு ஒரே சிரிப்பு. "முப்பது வருஷத் தச்சனுக்கு ஒரு கட்டையைக் கண்டுபிடிக்கத் தெரியல. நோலீன், இவன் கட்டின வீட்டுல இருக்கறவங்களுக்கெல்லாம் போன் போட்டு உடனே வெளிய வரச் சொல்லு."

நானும் சிரித்தேன். அந்தச் சட்டங்களை அப்பாவோடு நின்று அடித்தவன் நான்; காலின் அப்போது கைக்குழந்தை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

டிவிக்குக் கீழே வயர் தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்றேன். அதனால் தரைவரை ஒரு பள்ளம் அறுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார் என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். நோலீன் கதவருகே வந்து நின்றாள்.

"இவ்வளவு தூசி பறக்குதே டெஸ், மூக்குல ஏதாவது கட்டிக்க வேண்டாமா?"

"சுண்ணாம்புப் பொடிக்கா?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல நான் தின்ன சாக்பீஸ் தூசிக்கு இது எம்மாத்திரம்" என்றான் காலின்.

நான் ஸாஸேஜ் சுடுகிறேன் என்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெயில் விழுந்த இடத்தில் பொடி மெதுவாக இறங்கியது. அவன் விசிலடித்துக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தான்.

நோலீன் கடைக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. துடைப்பத்தை எடுத்து அறை முழுக்கப் பெருக்கினாள். பிறகு அவன் சட்டையைக் கொண்டுவந்து, பின்படியில் என் பக்கத்தில் நின்றபடியே உதறினாள். கம்பியில் அடித்து அடித்து உதறினாள். அவள் முடியெல்லாம் வெள்ளை. "இப்பவே கிழவியாயிட்டேன் பாரு" என்றாள்.

உதறாதே, தண்ணீரில் போடு என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் காலினுக்கும் தெரிந்துவிடும். நான் ஸாஸேஜைத் திருப்பிப் போட்டேன்.

அதன்பின் சட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். டிவி நன்றாக நின்றது. மறுநாள் மூவரும் ஆட்டம் பார்த்தோம்.

அந்த வியாதி அவசரப்படாது; தலைகாட்ட இருபது, முப்பது வருடம்கூட ஆகும். எனக்கும் அவசரம் இல்லை. குளிர்காலத்தில் காலின் இருமினால் டாக்டரிடம் போனாயா என்று அக்கறையாக விசாரிப்பேன். சாதாரணச் சளிதான். அறுபத்து நான்கு வயதில் இன்றும் தினம் காலையில் கடல்நீர்க் குளத்தில் நீந்துகிறான். போன ஈஸ்டருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியது அவனுக்கு இல்லை, நோலீனுக்கு.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், அது என்ன சுவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் துளைக்க வைத்தேன். அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று என் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நோலீன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பெருக்கச் சொன்னது நான் இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் காலின் போன் செய்தான். "அவளால படுக்க முடியல டெஸ். அப்பாவுக்கு நீ என்னதான் செஞ்ச?" என்று கேட்டான். முதுகுக்குத் தலையணை எப்படி அடுக்குவது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சொன்னேன். பிறகு, "அவர் ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்றான். இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. நாங்கள் நெடுநேரம் பேசினோம்.

இப்போது தினமும் அங்கே போகிறேன். அவளைத் தூக்கி உட்கார வைக்க அவனுக்குப் பழக்கிக்கொடுக்கிறேன். நேற்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன செய்வேன்" என்று அழுதான். சின்ன வயதில்கூட நாங்கள் இப்படி ஒட்டி இருந்ததில்லை.

இதையெல்லாம் நீங்கள் அவனிடம் சொல்லத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது. அவள் அடக்கம் முடிந்த பிறகு சொல்லுங்கள், டீகன். அதுவரை அவனுக்கு ஒரு அண்ணன் வேண்டும்.