கோட்டைப் படியில் வாடாமல்லிச் சேலை

செஞ்சிக் கோட்டையில் ஊரான் ஒருவனின் கையைப் பிடித்து நின்றவள் என் மனைவிதான் என்று ஐந்து நிமிடம் முழுசாக நம்பினேன். ஐம்பது வயதாகிறது, புத்தி இன்னும் வந்து சேரவில்லை, வழியில் இருக்கிறது.

திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், பக்கத்திலிருந்த தோழியிடம் செல்போனை நீட்டினாள்.

“குழு வாட்ஸ்அப்புல வந்திருக்குடி. என்னைக் கீழ செருப்புக்குக் காவல் வச்சிட்டு, எங்க வூட்டுக்காரர் மேல யார் கையைப் புடிச்சிட்டு நிக்கறாருன்னு பாரு.”

நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் அந்தப் பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. காணும் பொங்கலன்று கோட்டை பார்க்கப் போவதற்காக நாலைந்து ஊர் மகளிர் குழுக்கள் சேர்ந்து எடுத்த, எல்லாருக்கும் ஒரே மாதிரியான வாடாமல்லிச் சேலை. என் மனைவியும் அதைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தாள். எந்த வக்கீலைப் பார்ப்பது, இனி யார் சோறு வடிப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

“முட்டி வலின்னு நீதானே கீழயே உக்காந்துட்ட?” என்றாள் தோழி.

“அதுக்குன்னு? வூட்டு மாடிப்படில கூட எனக்கு ஒரு நாள் கை குடுத்ததில்ல. எவள்னு தெரியட்டும், இருக்கு அவளுக்கு.”

“சும்மா கத்தாத. அது நான்தான். கால் வழுக்கிச்சு, அண்ணன் புடிச்சு ஏத்தி வுட்டாரு.”

“நீயா? எவ்ளோ தூரம்?”

“நாலு படிதான்டி.”

“ஏன், ரெண்டு படி பத்தாதா?”

கீழ்பென்னாத்தூரில் ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியானது. செல்போன் வைத்திருந்தவள் எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டாள்.