செவ்வாய்க்கிழமை மாத்திரை

நன்கொடைப் பொத்தானின் நிறத்தை நான் பதினோரு முறை மாற்றியிருக்கிறேன். பச்சை வைத்தால் அழுத்துவார்கள் என்றார்கள், வைத்தேன். ஆரஞ்சு என்றார்கள், அதையும் வைத்தேன். யாரும் அழுத்தவில்லை.

நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும். குரல் மச்சினன் வேலை, மற்றதெல்லாம் என் தலையில். இலவசம்தான், விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தோம். பணம் வராது, கடிதம் வரும். "அண்ணா, இது இல்லன்னா எனக்கு வேலையே இல்ல. நல்லா இருப்பீங்க. அந்த ஆம்பளக் குரல் மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடுங்க." ஒரு வங்கி தன் கிளைகள் எல்லாவற்றிலும் அதை வைத்துக்கொண்டது. பழுது என்றால் 'மிக அவசரம்' என்று எழுதுவார்கள். நன்கொடை கேட்டேன். அதற்கென்று எங்களிடம் தனிப் பிரிவு இல்லை என்று பதில் போட்டார்கள்.

ஏழு வருடம் சர்வர் வாடகையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். எனக்கு வந்த சலிப்பு உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

மச்சினனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கி இருந்தது. ஒருமுறை காய்ச்சலோடு வேலை செய்தவன் வலிப்பு வந்து விசைப்பலகை மேலேயே விழுந்தான். நெற்றியில் நான்கு தையல். கட்டுப் போட்ட படத்தோடு எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். அந்த ஒரு வாரத்தில், ஏழு வருடத்தில் வராதது வந்தது.

அவனுக்குக் கோபம். "என் தலையக் காட்டியா மாமா காசு கேப்பீங்க?" என்றான்.

"உன் தலைக்குத்தாண்டா குடுக்கிறாங்க. உன் உழைப்புக்கு எவன் குடுத்தான்?" என்றேன்.

மூன்று மாதத்தில் எல்லாம் வற்றிவிட்டது. 'அவர் நலமா? மகிழ்ச்சி' என்று எழுதினார்கள். மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வாராவாரம் அவனுடைய மாத்திரைப் பெட்டியை நிரப்புவது நான்தான். அவனுக்கு மறதி என்று மனைவி என்னிடம் ஒப்படைத்திருந்தாள். ஏழு நாளுக்கு ஏழு அறை. முதலில் செவ்வாய்க்கிழமை மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டு, அதே மாதிரி வெள்ளையாக இருந்த சத்து மாத்திரை ஒன்றை வைத்தேன். உடம்புக்கு நல்லதுதான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வியாழனையும் எடுத்தேன். அடுத்த மாதம் வலிப்பு வந்தது, குறிப்பு எழுதினேன், பணமும் வந்தது. புதிய பெண் குரல் வெளியானது அந்தப் பணத்தில்தான். அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஆகவே நான் எடுக்க வேண்டியதும் கூடியது.

எடுத்தவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, விலை கூடிய மாத்திரை. பழைய அச்சுப்பொறியின் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். அவன் இறந்து பதினேழாம் நாள் மனைவி அதைக் கண்டுபிடித்தாள். தரையில் உட்கார்ந்து மாத்திரைகளை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, "இது தம்பியோட மாத்திரைதானே? இங்க எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள்.

அவன் குளியலறையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்திருக்கலாம். நான் கூடத்தில் அடுத்த குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்தக் குறிப்பு அவன் குளிக்கப் போவதற்கு முன்பே தொடங்கப்பட்டது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சரிதான். நான்கைந்து நாளாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை நன்றாக அமைய வேண்டும் என்று நினைத்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கென்று ஒரு காசு எடுத்ததில்லை, அதையும் எழுதுங்கள். எத்தனையோ பேர் அந்தக் குரலை நம்பி வேலைக்குப் போகிறார்கள்.

ஒரே ஒரு உதவி. நான் கைதான செய்தியை எங்கள் பக்கத்தில் போடச் சொல்லுங்கள், என் படத்தோடு. விலங்கு தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. கொடுப்பார்கள்.